சந்துப் பக்கத்து வேலி

என் சித்தப்பா பஸ் டிரைவர். வீட்டுக்குள்ளும் அவர் டிரைவர்தான். செருப்பைக் கழற்றியதும் தெருவைப் பார்த்துத் திருப்பி விடுவார். மறுபடி கிளம்பும்போது திரும்ப வேண்டியதில்லையாம். சாப்பாட்டு மேசையை நகர்த்தச் சொன்னால், இழுப்பதும் அவரே, "வரலாம், வரலாம், ஹோல்டான்" என்று குரல் கொடுப்பதும் அவரே. சித்தி ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறார். நாள் முழுக்கப் பயந்த முகங்களைப் பார்த்துவிட்டு வருவதால், வீட்டில் பயப்படாத முகம் ஒன்றாவது இருக்கட்டும் என்றுதான் இவரைக் கட்டிக்கொண்டதாகச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பயப்படாத முகம் மாறியதை நான் பார்த்தேன். பள்ளி முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது, எங்கே வேலை தேடுவது என்று தெரியாமல், ஓர் இடத்தில் உட்கார முடியாமல் அலைந்துகொண்டிருந்த என்னைக் கொஞ்ச நாள் சித்தப்பா வீட்டில் இருக்கட்டும் என்று அப்பா அனுப்பியிருந்தார். அதனால் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்.

நான் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் அந்த விபத்து நடந்திருந்தது. மார்க்கெட் முனையில் சித்தப்பா பஸ்ஸை இடது பக்கம் திருப்பியிருக்கிறார். அதே நேரத்தில் சைக்கிளில் வந்த ஒரு பையன் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்துவிட்டான். பையன் பிழைக்கவில்லை. டிப்போவில் விசாரணை வைத்தார்கள். பிரேக்கைச் சோதித்தார்கள். கண்ணாடிகளைச் சோதித்தார்கள். திரும்புவதற்கு முன் இடது கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்குச் சித்தப்பா பார்த்தேன் என்றார். பையன் அவசரப்பட்டு நுழைந்ததுதான் காரணம் என்று முடிவாயிற்று. சித்தப்பா மறுபடியும் அதே பஸ்ஸை, அதே முனையில், தினமும் திருப்பிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் அந்த ஆள் வந்து நிற்க ஆரம்பித்தார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோட்டம். தக்காளிச் செடிகள், துணிக்கொடி, குட்டியின் பிளாஸ்டிக் நாற்காலி. குட்டி என்பது அவர்களுடைய மகள், இரண்டாம் வகுப்பு. தோட்டத்தின் எல்லையில் இடுப்பு உயரத்துக்குக் கம்பி வலை. அதற்கு அந்தப் பக்கம் குப்பை வண்டி வந்து போகும் சந்து. சந்தைத் தாண்டினால் ஒரு கிடங்கின் நீளமான சுவர். அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, தோளில் சாப்பாட்டுப் பையோடு, அவர் நிற்பார். வேலை விட்டு நேராக வருகிறார் என்று தெரியும். இருட்டும் வரை நிற்பார். பேச மாட்டார், கூப்பிட மாட்டார், சிகரெட்கூடப் பிடிக்க மாட்டார். வீட்டைப் பார்ப்பார், அவ்வளவுதான். இறந்த பையனின் அண்ணன். விசாரணை நடந்த நாளில் டிப்போ வாசலில் சித்தப்பா அவரைப் பார்த்திருந்தார்.

சித்தி அவருக்குச் சிலை என்று பெயர் வைத்தார். "சிலை வந்தாச்சு, துணியை எடுங்க" என்பார். முதலில் அது கேலியாகத்தான் இருந்தது. சில நாளில் கேலி வற்றி, பெயர் மட்டும் மிஞ்சியது. போலீசில் சொல்லலாம் என்றார் சித்தி. பொதுச் சந்தில் நிற்பதற்கு என்ன புகார் கொடுப்பது என்றார் சித்தப்பா. அப்படியானால் நேரே போய் என்ன வேண்டும் என்று கேளுங்கள் என்றார் சித்தி. சித்தப்பா எழுந்து போனார். சமையலறை ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

ஒருநாள் குட்டி தோட்டத்திலிருந்து உள்ளே வந்து, அந்த மாமா தன்னைப் பார்த்துத் தலையாட்டியதாகவும் தானும் ஆட்டியதாகவும் சொன்னாள். சித்தப்பா சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் வரும்போது மரக்கடையில் விசாரித்துவிட்டு வந்தார். மரப் பலகையில் வேலி. ஆள் உயரத்துக்கு மேல். இடைவெளி இல்லாமல்.

ஆசாரியை வைத்துச் செய்யலாமே என்று சித்தி சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார். வெளியாள் வந்தால் எதற்கு இவ்வளவு உயரம் என்று கேட்பான், தெருவெல்லாம் பேசுவான். தானே செய்வதாகச் சொன்னார். ஸ்டியரிங் பிடிக்கிற கைக்குச் சுத்தியல் பிடிக்க வருமா என்று சித்தி சீண்டினார். வராவிட்டால் ஹாரன் அடித்தாவது ஆணியை இறக்குவேன் என்றார் சித்தப்பா. நான் அங்கே வந்ததிலிருந்து அவர் அடித்த முதல் ஜோக் அதுதான்.

மரக்கடைக்காரர் எல்லாவற்றையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கம்பங்களின் அடிப்பக்கத்துக்குத் தார் பூச வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் உளுத்துப் போகும். இரண்டு முனையிலும் கம்பம் நட்டு, நடுவே நூல் கட்டி, அந்த நூலைத் தொட்டும் தொடாமலும் மற்றக் கம்பங்களை நட வேண்டும். கம்பம் நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, குழியில் கான்கிரீட் ஊற்றி, இறுகும் வரை தொடக்கூடாது. கம்பத்துக்குக் கம்பம் குறுக்குச் சட்டங்கள், கீழே ஒன்று, நடுவே ஒன்று, மேலே ஒன்று. அந்தச் சட்டங்களின் மேல் பலகைகளை நெட்டுக்குத்தாக வைத்து ஸ்குரூ போட வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னாராம்: பலகை சந்துப் பக்கம் இருக்கட்டும், சட்டம் தோட்டத்துப் பக்கம் இருக்கட்டும். சித்தப்பா அதை வந்து எங்களிடமும் சொன்னார். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

கம்பம் நடுகிற வேலை முழுக்கத் தோட்டத்துக்குள்ளேயே நடந்தது. காலை ஷிப்ட் முடித்து வந்து, சாப்பிட்டு, கடப்பாரையை எடுப்பார். மாலையானதும் நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிடுவார். சிலை வரும் நேரத்துக்குக் கடப்பாரைகூடத் தோட்டத்தில் இருக்கக்கூடாது, உள்ளே கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட வேண்டும். கம்பங்கள் கோணாமல் நின்றன. சட்டங்களும் ஏறின, பழைய கம்பி வலையைச் சுருட்டி எடுத்துவிட்டார். சித்தி வந்து தட்டிப் பார்த்து, பரவாயில்லை, பஸ்ஸே மோதினாலும் தாங்கும்போல என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சித்தப்பா ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பலகை அடிக்கும் நாள் வந்தது. சந்துப் பக்கம் அடிக்க வேண்டுமானால் சந்தில் போய் நிற்க வேண்டும். வீட்டைச் சுற்றிக்கொண்டு, தெருவைத் தாண்டி, முனை திரும்பிப் போக வேண்டும். அன்றைக்கு ஷிப்ட் முடிய நேரமாகிவிட்டது. டிரில் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு சித்தப்பா போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முனையில் திரும்பியபோதே சுவரோரம் அவர் நிற்பதைப் பார்த்துவிட்டாராம்.

மூச்சு வாங்கியபடி பலகைக் கட்டைப் பிரித்தார். உள்ளே இருந்தே அடித்துவிடலாம், அப்போதுதான் வழவழப்பான பக்கம் நமக்குத் தெரியும், பார்க்கவும் அழகாக இருக்கும் என்றார். யாரும் கேட்காமலே இத்தனை காரணம் சொன்னார். "நமக்கு அழகு, ஊருக்கு எலும்புக்கூடா?" என்று சித்தி முணுமுணுத்தார். ஆனால் அவரும் தடுக்கவில்லை. எங்கள் மூவருக்குமே அந்தப் பலகைகள் சீக்கிரம் ஏற வேண்டும் என்றுதான் இருந்தது. ஒவ்வொரு பலகை ஏறும்போதும் அந்த ஆளில் கொஞ்சம் மறைந்தது. முதலில் தோளில் தொங்கிய பை போயிற்று, பிறகு ஒரு கை, பிறகு பாதி முகம். அவர் நகரவே இல்லை. கடைசிப் பலகை வரைக்கும் பார்த்துக்கொண்டே மறைந்தார்.

வேலை முடிந்ததும் எல்லோரும் தோட்டத்திலேயே உட்கார்ந்தோம். குட்டி ஓடி விளையாடினாள். கொஞ்ச நேரம்தான். சந்திலிருந்து ஓர் இருமல் சத்தம் வந்தது. சித்தப்பா குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

வேலி வந்த பிறகு பயம் குறையும் என்று நினைத்திருந்தோம். நடந்தது வேறு. முன்பெல்லாம் அவர் எங்கே நிற்கிறார், எப்போது போனார் என்று ஜன்னலில் பார்த்தால் தெரியும். போன பிறகு மூச்சு விடலாம். இப்போது அவர் இருக்கிறாரா, இல்லையா, சுவரோரம் நிற்கிறாரா, வேலியை ஒட்டி நிற்கிறாரா, எதுவும் தெரியவில்லை. அவர் வராத நாளிலும் அவர் நின்றார். சித்தப்பா பலகையில் காதை வைத்துக் கேட்பதை நான் பார்த்தேன். ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டு, பூனை போன சத்தத்துக்கு நடுங்கி, தக்காளிச் செடியை மிதித்துவிட்டார். பத்து டன் பஸ்ஸை ஓட்டுகிறவர் நாலு கிலோ பூனைக்கு இப்படியா என்று சித்தி கேட்டார். சொல்லிவிட்டு அவரே போய்ப் பின்கதவைச் சாத்தினார்.

ஒருநாள் மாலை இருட்டியதும் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது சித்தி அதைக் கேட்டே விட்டார். குட்டி மேசையில் படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். சித்தி குரலைத் தாழ்த்தி, அந்த ஆள் உங்களை அடித்துவிடுவான் என்றா பயப்படுகிறீர்கள் என்றார்.

சித்தப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் திரை இழுக்கவில்லை. வேலிதான் இருக்கிறதே.

"அடிச்சா வாங்கிக்கலாம். கேட்டா என்ன சொல்றது?"

"என்ன கேப்பான்?"

"கண்ணாடியைப் பாத்தியான்னு கேப்பான்."

"பாத்தேன்னுதானே விசாரணைல சொன்னீங்க?"

"சொன்னேன். பாத்தேனான்னு எனக்கே தெரியலை."

சித்தி குட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் மிக மெதுவாக, இதை இனி யாரிடமும் சொல்லாதீர்கள், வேலை போய்விடும் என்றார். சொன்னதை மாற்றினால் வேலையோடு மட்டும் நிற்குமா என்றும் கேட்டார். சித்தப்பா தலையாட்டினார். அந்த நேரத்தில் தோட்டத்தின் கோடியில் மரம் உரசுவது போல் ஒரு சத்தம் கேட்டது. புது மரம், காயும்போது முறுக்கும் என்று சித்தப்பா சொன்னார். எங்களுக்கும் அதை நம்ப வேண்டியிருந்தது.

மறுநாள் காலை, வேலி போட்ட பிறகு முதல்முறையாகச் சந்துக்குக் குப்பை கொட்டப் போன சித்தி காலி வாளியோடு ஓடி வந்தார். சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் ஓடினேன்.

அதுவரை நாங்கள் யாரும் வேலியைச் சந்துப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. பார்த்ததும் புரிந்தது. முழங்கால் உயரத்தில் ஒரு சட்டம், மார்பு உயரத்தில் ஒரு சட்டம், தலைக்கு மேல் ஒரு சட்டம். சின்னப் பிள்ளைகூட ஏறலாம். கீழ்ச் சட்டத்தில் காய்ந்த மண் அப்பியிருந்தது. நடுச் சட்டத்திலும் இருந்தது.

"ஏணி கட்டிக் குடுத்திருக்கோம்," என்றார் சித்தி.

சித்தப்பா அந்த மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். மரக்கடைக்காரர் சொன்னது அவருக்கு அப்போதுதான் முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். சந்தில் நிற்கப் பயந்துகொண்டு உள்ளே இருந்து அடித்த வேலி, சந்தில் நிற்பவருக்குப் படிக்கட்டாகிவிட்டது.

அன்றைக்கு லீவு சொன்னார். டிப்போவில் என்ன காரணம் சொன்னார் என்று தெரியவில்லை. உள்பக்கம் நின்று ஒவ்வொரு பலகையாக ஸ்குரூவைக் கழற்றி, சந்துக்குத் தூக்கிக்கொண்டு போய், வெளிப்பக்கம் வைத்து அடிக்க ஆரம்பித்தார். மாலைக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஓடினார். ஆனால் முதல்முறை வேகத்தில் அடித்த ஸ்குரூக்கள் தலை தேய்ந்துபோயிருந்தன. சிலதைக் குறட்டால் பிடுங்க வேண்டியிருந்தது. இரண்டு பலகைகள் நுனியில் பிளந்தன, அவற்றை அறுத்துச் சரிசெய்தார். சித்தி வேலையிலிருந்து வந்து, மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினார். கழற்றிப் போட்ட திறப்பை அப்படியே விட்டுவிட்டு ராத்திரி எப்படித் தூங்குவது என்றார் சித்தப்பா.

நானும் சித்தியும் தோட்டத்தில் நின்றோம். எங்களுக்கும் அவருக்கும் நடுவே, பலகை இல்லாமல் ஒரு கதவு அகலத்துக்குத்தான் திறப்பு மீதி இருந்தது. அதன் வழியாக, சுவரோரம் அந்த ஆள் வந்து பையை இறக்கி வைப்பது தெரிந்தது. சித்தப்பா வேலியைப் பார்த்து நின்றிருந்தார். காலடிச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். டிரில் கையிலேயே இருந்தது, சுற்றவில்லை.

சித்தி என் கையை அழுத்திப் பிடித்தார்.

"ஏறுறதுக்கு வசதியா இருந்துச்சு," என்றார் அந்த ஆள். குரல் நான் நினைத்ததைவிட இளமையாக இருந்தது.

சித்தப்பா மெதுவாகத் திரும்பினார். "ஏறினீங்களா?"

"நேத்து ஏறினேன். நடுச் சட்டத்துல நின்னா உங்க சமையல்கட்டு தெரியுது. பாப்பா கலர் அடிச்சுக்கிட்டு இருந்தா. நீங்க ஜன்னலைப் பாத்து உக்காந்திருந்தீங்க. நேரா என் மூஞ்சியைத்தான் பாத்தீங்க. வெளிச்சத்துல உக்காந்திருக்கறவருக்கு இருட்டுல நிக்கறவன் தெரியலை." கொஞ்சம் நிறுத்தினார். "என் தம்பியையும் இப்படித்தான் பாத்தீங்களோன்னு நினைச்சேன். இறங்கிட்டேன்."

சித்தப்பா டிரில்லைத் தாழ்த்தினார்.

"உள்ள குதிச்சிருக்கலாம்," என்றார் அந்த ஆள், யாரிடமோ கணக்குக் கேட்பது போல. "எதுக்கு வர்றேன்னு எனக்கே தெரியாமதான் வந்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு இடது கண்ணாடி பாத்தீங்களா?"

சித்தி வாயைத் திறந்தார். பார்த்தார் என்று கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தெரியலை," என்றார் சித்தப்பா. "தினம் அந்த முனையில திரும்பும்போது யோசிக்கிறேன். சில நாள் பாத்த மாதிரி இருக்கு. சில நாள் பாக்காத மாதிரி இருக்கு."

"விசாரணைல பாத்தேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"இப்ப சொன்னதை அங்க வந்து சொல்லுவீங்களா?"

அந்த ஆள் ஓர் அடி முன்னால் வைத்தார். சித்தப்பாவின் முதுகு சட்டத்தில் இடித்தது. பின்னால் போக இடமில்லை.

"இன்னும் கொஞ்சம் பலகை இருக்கு," என்றார் சித்தப்பா. "முடிச்சுட்டு சொல்றேன்."

பலகையை எடுத்து, அந்த ஆளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சட்டத்தின் மேல் பொருத்தினார். அவருடைய முகம் எங்களுக்கு நேராக இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. கண்கள் எங்களைப் பார்த்தன, ஆனால் காது பின்னாலேயே இருந்தது. டிரில் சுற்றியது. நின்றது. அடுத்த பலகை. அவருடைய தோள் மறைந்தது. டிரில் சுற்றியது. அவருடைய முகம் பாதியானது. சித்தி "என்னங்க" என்றார். அவர் உதட்டை மட்டும் அசைத்தார். கடைசிப் பலகை வந்து அதையும் மூடியது.

இப்போது எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. டிரில் சத்தம் வரும்போதெல்லாம் அவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். கீழே ஒரு ஸ்குரூ. நடுவே ஒரு ஸ்குரூ. மேலே ஒன்று. பிறகு சத்தம் நின்றுவிட்டது.

நாங்கள் காத்திருந்தோம். சித்தி பலகையில் உள்ளங்கையால் தட்டினார். "என்னங்க." பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினார். பிறகு இருவரும் வீட்டுக்குள் ஓடி, வாசல் வழியாகத் தெருவுக்கு வந்தோம். சித்தி செருப்புகூடப் போடவில்லை.

தெரு முனையில் சித்தப்பா வந்துகொண்டிருந்தார். தனியாக. டிரில் மிஷினை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். சித்தி அவர் முகத்தையும் தோளையும் முதுகையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் கோபம் வந்துவிட்டது.

"என்ன சொன்னீங்க அவன்கிட்ட?"

"டிப்போவுக்கு வர்றேன்னு சொன்னேன். நாளைக்குக் காலைல."

சித்தி வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் அழுதார், திட்டினார், குட்டியின் படிப்பைச் சொன்னார், வாடகையைச் சொன்னார். ஜெயிலில் போட்டால் என்ன செய்வீர்கள் என்றார். சித்தப்பா, தனக்கும் இதெல்லாம் பயமாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

காலையில் அந்த ஆள் சந்துக்குப் போகவில்லை. வாசலுக்கே வந்தார். முதல்முறையாகப் பகல் வெளிச்சத்தில் கிட்டே பார்த்தேன். சவரம் செய்திருந்தார். சட்டைக் காலர் கிழிந்து தைத்திருந்தது. குட்டி அவரைப் பார்த்துத் தலையாட்டப் போனாள், சித்தி அவளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார்.

சித்தப்பா காக்கிச் சட்டை போடாமல் சாதாரணச் சட்டை போட்டிருந்தார். உள்ளே போகலாமா, உட்காரலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள். சித்தப்பா முன்னால் போனார். அந்த ஆள் சில அடிகள் தள்ளிப் பின்னால் போனார். தெரு முனை வரை சித்தப்பாவின் தோள்கள் இரண்டும் காது வரைக்கும் தூக்கியே இருந்தன, பின்னாலிருந்து எந்த நேரமும் ஏதோ விழப்போகிறது என்பது போல. ஆனாலும் அவர் வேகத்தைக் கூட்டவில்லை. பின்னால் வருபவர் கூடவே வரும்படிதான் நடந்தார்.

அவர்கள் மறைந்த பிறகும் சித்தி வாசலிலேயே நின்றார். பல் டாக்டரிடமிருந்து போன் வந்தது, ஏன் இன்னும் டோக்கன் கொடுக்க வரவில்லை என்று. இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு, முனையைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தார்.